சி. பி. இராமானுஜம் – சமன்பாடுகளின் எல்லைகளை ஆராய்ந்த தமிழர்

அறிமுகம்

இராமானுஜன் என்ற பெயரைக் கேட்டதும் கும்பகோணத்தில் வளர்ந்து கேம்பிரிட்ஜ் சென்று புகழ்பெற்ற சீனிவாச இராமானுஜனே நம் நினைவிற்கு வருவார். அவர் 1920ஆம் ஆண்டு காலமானார். அவர் மறைந்து 18 ஆண்டுகளின் பின்னர் சென்னையில் பிறந்த மற்றொரு கணித மேதையே சி. பி. இராமானுஜம் ஆவார். சக்கரவர்த்தி பத்மநாபன் இராமானுஜம் என்பது இவரது முழுப்பெயர். பெயர் ஒற்றுமையினால் இவ்விருவரையும் ஒருவரென மயங்குதல் கூடாது. இருவரும் வாழ்ந்த காலமும் வேறு, முதன்மையாக ஆராய்ந்த துறைகளும் வேறு.

சமன்பாடொன்றின் படிக்கும் அதிலுள்ள மாறிகளின் எண்ணிக்கைக்கும் இடையிலுள்ள தொடர்பினை ஆராய்ந்து உலக அறிஞர்களின் மதிப்பைப் பெற்றவர் இவர். ஆயினும் தாம் எதனையும் சாதிக்கவில்லை என்றே இவர் பல தடவைகள் எண்ணினார். அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இவரது வாழ்க்கை வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இளமையும் கல்வியும்

இராமானுஜம் 1938ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9ஆம் திகதி சென்னையில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் எழுவருள் இவரே மூத்தவர். தந்தையார் பத்மநாபன் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர்.

இவர் ஆரம்பக் கல்வியைச் சென்னையிலிருந்த யூவர்ட் பாடசாலையிலும், பின்னர் தியாகராய நகரிலுள்ள இராமகிருஷ்ண மிசன் உயர்தரப் பாடசாலையிலும் பெற்றார். பாடசாலை நாள்களில் டெனிஸ் விளையாட்டிலும் இரசாயனவியலிலும் இவருக்கு ஆர்வம் மிகுதி. வீட்டிலேயே சிறியதோர் ஆய்வுகூடத்தை அமைத்துக்கொண்டு நண்பருடன் பரிசோதனைகள் செய்து பார்த்தார்.

1952ஆம் ஆண்டு சென்னை இலயோலாக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு கணிதம் கற்பித்தவர் அருட்தந்தை சாள்ஸ் ரசீன் ஆவார். பிரான்ஸ் நாட்டவரான இவ்வியேசுசபைத் துறவி, எலி கார்ட்டான் என்னும் பெருங்கணிதவியலாளரிடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். பாடத்திட்டத்திற்கு அப்பால், அக்காலத்தில் ஐரோப்பாவில் வளர்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தையும் தம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். இராமானுஜத்தின் சுயசிந்தனையையும் அறியும் ஆவலையும் இனங்கண்ட அருட்தந்தை, அவரை ஆராய்ச்சித் துறைக்குப் பரிந்துரைத்தார்.

கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தின் நுழைவுப் பரீட்சையிலும் இராமானுஜம் திறமையாகச் சித்தியடைந்திருந்தார். மகன் அங்கு செல்லவேண்டும் என்பதே தந்தையாரின் விருப்பம். எனினும் தூய கணிதத்தின் மீது கொண்ட பற்றினால் 1957ஆம் ஆண்டு பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்திற் சேர்ந்தார். அவருடைய நண்பர் இராகவன் நரசிம்மனும் அதே ஆண்டில் அங்கு இணைந்தார்.

பம்பாயில் முதல் ஆண்டுகள்

உலகின் சிறந்த கணிதவியலாளர்கள் பலர் அந்நிறுவனத்திற்கு வந்து விரிவுரையாற்றுவது வழக்கம். அவ்விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெழுதி நூலாக்கும் பொறுப்பு இளம் ஆய்வாளர்களிடம் ஒப்படைக்கப்படும். ஜேர்மனியைச் சேர்ந்த மக்ஸ் டொய்ரிங் ஆற்றிய விரிவுரைகளை இராமானுஜம் தமது முதலாம் ஆண்டிலேயே எழுதி முடித்தார். கடினமான அப்பொருளை அவர் தெளிவாக எழுதியமையை அறிஞர்கள் பாராட்டினர்.

ஆனால் பிறருடைய கணிதத்தை விளங்கிக்கொள்வது ஒன்று, தாமே புதிய உண்மையொன்றைக் கண்டறிவது வேறொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முயன்றும் சொந்த ஆய்வில் இராமானுஜத்திற்கு வெற்றி கிட்டவில்லை. தமக்கு ஆராய்ச்சி ஒத்துவராது என்று மனம் சோர்ந்தார். கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியப் பதவி வேண்டி விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பங்கள் பயனளிக்கவில்லை. அன்று அது தோல்வியாகத் தோன்றினும், கணித உலகிற்கு அது நன்மையாகவே முடிந்தது.

அவ்வேளையில் ஆய்வு மேற்பார்வையாளரான பேராசிரியர் கே. ஜி. இராமநாதன் அவருக்குப் பிரச்சினை ஒன்றைக் கொடுத்தார். அது ஜேர்மனிய எண்கணித மேதையான சீகலின் ஆய்வுகளோடு தொடர்புடையது. இராமானுஜத்தின் வாழ்வில் அதுவே திருப்புமுனையாயிற்று.

படியும் மாறிகளும்

இராமானுஜத்தின் ஆய்வை விளங்கிக்கொள்வதற்குச் சாதாரண தர வகுப்பில் நாம் கற்கும் அட்சரகணிதமே அடிப்படையாகும். நமது குடாநாட்டில் இப்பாடத்தைத் தமிழில் எழுதும் மரபு நீண்டது. வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடைய கரோல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என்னும் அட்சரகணித நூலை 1855ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளியிட்டார்.

மாறியின் மிகப்பெரிய அடுக்கே சமன்பாட்டின் படி எனப்படும். படி 2 ஆயின் இருபடிச் சமன்பாடு. ஒரு மாறியை மட்டும் கொண்ட இருபடிச் சமன்பாட்டிற்கு இரண்டு தீர்வுகளுக்கு மேல் இருக்கமுடியாது. முப்படிச் சமன்பாட்டிற்கு மூன்றுக்கு மேல் இருக்கமுடியாது. எனவே படி என்பது தீர்வுகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லையை வகுக்கின்றது.

மாறிகள் பல இருப்பின் நிலைமை மாறுகின்றது. அ, இ, உ ஆகிய மூன்று மாறிகளைக் கொண்ட பின்வரும் சமன்பாட்டை நோக்குக.

அ³ + 2இ³ + 4உ³ = 0

இதில் ஒவ்வோர் உறுப்பும் படி 3 உடையது. மூன்று மாறிகளும் பூச்சியமாயின் சமன்பாடு உண்மையாகும் என்பது வெளிப்படை. வேறு முழு எண் தீர்வு உண்டா என்பதே வினா.

அவ்வாறான தீர்வு ஒன்று உண்டெனக் கொள்வோம். மூன்று எண்களுக்கும் பொதுக் காரணி இருப்பின் அதனால் வகுத்து நீக்கிவிடலாம். எனவே பொதுக் காரணி இல்லை எனலாம்.

படிமுறை 1: 2இ³, 4உ³ ஆகிய இரண்டும் இரட்டை எண்கள். ஆகவே அ³ உம் இரட்டை எண். எனவே அ இரட்டை எண். அ = 2ப எனப் பிரதியிட்டு 2 ஆல் வகுத்தால் 4ப³ + இ³ + 2உ³ = 0 ஆகும்.

படிமுறை 2: அதே காரணத்தால் இ உம் இரட்டை எண். இ = 2ச எனப் பிரதியிட்டு 2 ஆல் வகுத்தால் 2ப³ + 4ச³ + உ³ = 0 ஆகும்.

படிமுறை 3: இதிலிருந்து உ உம் இரட்டை எண் என்பது பெறப்படும்.

மூன்றும் இரட்டை எண்களாயின் 2 அவற்றின் பொதுக் காரணியாகும். இது நாம் முதலில் கொண்டதற்கு முரணானது. ஆகவே பூச்சியம் தவிர்ந்த முழு எண் தீர்வு இச்சமன்பாட்டிற்கு இல்லை.

மூன்று மாறிகள் போதவில்லை. மாறிகளைக் கூட்டிக்கொண்டே சென்றால், குணகங்கள் எவையாயினும் தீர்வு கட்டாயம் கிடைக்கும் நிலை ஒன்று வருமா? வருமாயின் எத்தனை மாறிகள் தேவை? இதுவே கணிதவியலாளர்கள் எழுப்பிய வினா ஆகும்.

54 மாறிகள்

இங்கிலாந்தைச் சேர்ந்த டேவன்போர்ட் என்னும் அறிஞர் விகிதமுறு எண்களுக்கு இவ்வினாவை ஆராய்ந்தார். உறுப்புகள் யாவும் படி 3 உடையனவாயின், 16 மாறிகள் இருந்தால் போதும் என 1963ஆம் ஆண்டளவில் அவர் காட்டினார்.

ஆனால் விகிதமுறு எண்கள் மட்டுமே எண்கள் அல்ல. ப, ச ஆகியவை விகிதமுறு எண்களாக இருக்க, ப + ச√2 என்னும் வடிவிலுள்ள எண்களை எண்ணிப் பாருங்கள். இவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், பூச்சியம் அல்லாததால் வகுக்கலாம். விடை மீண்டும் அதே வடிவிலேயே அமையும். இவ்வாறான எண் தொகுதியைப் புலம் என்பர். √2 என்பது இருபடிச் சமன்பாடொன்றின் தீர்வு. ஆதலால் இப்புலத்தின் படி 2 ஆகும். படி 3, 10, 100 எனப் புலங்கள் எண்ணற்றவை.

இவ்வகைப் புலம் எதுவாயினும், அதன் படி எவ்வளவு பெரிதாயினும், 54 மாறிகள் இருந்தால் முப்படிச் சமன்பாட்டிற்குப் பூச்சியம் தவிர்ந்த தீர்வு அப்புலத்திலேயே கட்டாயம் உண்டு என்று இராமானுஜம் 1963ஆம் ஆண்டு நிறுவினார். புலத்தின் படி கூடும்போது மாறிகளின் எண்ணிக்கையையும் கூட்டவேண்டியதில்லை. எல்லாப் புலங்களுக்கும் 54 என்னும் ஒரே எண் போதும். இதுவே அம்முடிவின் சிறப்பாகும்.

இவ்வாய்விற்கு உதவிய கருவி வட்டமுறை எனப்படுவது. சீனிவாச இராமானுஜனும் ஹார்டியும் 1918ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை அது. ஓர் இராமானுஜன் விதைத்ததை மற்றோர் இராமானுஜம் பயன்படுத்தினார் எனலாம். 54 என்னும் எல்லையைப் பிளசன்ற்ஸ் என்பவர் 1975ஆம் ஆண்டு 16 ஆகக் குறைத்தார். விகிதமுறு எண்களுக்கு 14 மாறிகள் போதும் என ஹீத் பிரவுண் 2007ஆம் ஆண்டு காட்டினார்.

வேரிங் பிரச்சினை

எந்த நேர் முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று 1770ஆம் ஆண்டு இலக்ராஞ்சி நிறுவினார். உதாரணமாக 7 = 4 + 1 + 1 + 1, 15 = 9 + 4 + 1 + 1 ஆகும். கனங்களுக்கும் அதனிலும் உயர்ந்த அடுக்குகளுக்கும் இவ்வாறான எல்லைகள் உண்டு என வேரிங் கூறினார். ஹில்பேர்ட் 1909ஆம் ஆண்டு அதனை நிறுவினார்.

சீகல் இப்பிரச்சினையை மேற்கூறிய எண் புலங்களுக்கு விரித்தார். அவருக்குக் கிடைத்த எல்லை புலத்தின் படியிலும் தங்கியிருந்தது. புலத்தின் படியில் தங்காத எல்லை ஒன்று உண்டா என்று அவர் வினவினார். உண்டு என்று இராமானுஜம் காட்டினார். அடுக்கு எவ்வளவு என்பதை மட்டும் அறிந்தால் போதும், புலத்தின் படியை அறியவேண்டியதில்லை. இங்கிலாந்தின் பேர்ச் என்பவரும் அதே காலத்தில் தனியாக இம்முடிவை அடைந்தார்.

இவ்வெற்றிகளைக் கண்ட நிறுவனம் இராமானுஜத்தை இணைப் பேராசிரியராகப் பதவியுயர்த்தியது. தாம் அதற்குத் தகுதியற்றவர் என்று கூறி அவர் மறுத்தார். பிறர் வற்புறுத்திய பின்னரே ஏற்றுக்கொண்டார். 1967ஆம் ஆண்டு நடைபெற்ற கலாநிதிப் பட்டப் பரீட்சையில் சீகலே பரீட்சகர்களுள் ஒருவராக இருந்தார். இளைஞரின் ஆழ்ந்த அறிவைக் கண்டு அவர் வியந்தார்.

விரிவுரைகளை வளப்படுத்தியவர்

சஃபரேவிச் என்னும் ரஷ்ய அறிஞர் பம்பாயில் ஆற்றிய விரிவுரைகளையும் இராமானுஜம் எழுதினார். தமது பிழைகளைத் திருத்தியதோடு பல நிறுவல்களையும் இராமானுஜம் நிறைவாக்கியிருந்ததைச் சஃபரேவிச் பின்னர் நன்றியுடன் தெரிவித்தார். அமெரிக்கரான மம்போர்ட் ஆற்றிய விரிவுரைகளும் இவ்வாறே இராமானுஜத்தின் கையால் செம்மை பெற்றன. 1970ஆம் ஆண்டு வெளிவந்த மம்போர்டின் நூல் இன்றும் உலகெங்கும் கற்கப்படுகின்றது.

பிற நாட்டு அறிஞர்களின் ஆய்வுகளை மூலமொழியிலேயே படிக்கும் பொருட்டு பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியம், ரஷ்யன் ஆகிய மொழிகளை இராமானுஜம் கற்றுக்கொண்டார். கர்நாடக இசையிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. எம். டி. இராமநாதனின் பாட்டை விரும்பிக் கேட்பார்.

வளையிகளும் பரப்பும்

பிற்காலத்தில் இராமானுஜம் அட்சரகணிதத்தையும் கேத்திரகணிதத்தையும் இணைக்கும் துறையில் ஈடுபட்டார். நேர்கோடு ஒன்று பரவளைவை இரண்டு புள்ளிகளுக்கு மேல் வெட்டாது என்பதை நாம் வரைபுகளில் காண்கின்றோம். பொதுவாக, பொதுப் பகுதி இல்லாத இரு வளையிகள் வெட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை அவற்றின் படிகளின் பெருக்கத்தை விஞ்சாது. 18ஆம் நூற்றாண்டில் பெசூ என்பவர் ஆராய்ந்த விதி இது. படி 3 உடைய வளையியும் படி 2 உடைய வளையியும் ஆகக்கூடியது 6 புள்ளிகளில் வெட்டும். தொடுமிடங்களை உரிய தடவைகள் எண்ணி, சிக்கலெண்களையும் முடிவிலியையும் சேர்த்துக்கொண்டால் அவ்வெண்ணிக்கை சரியாக 6 ஆகும்.

இராமானுஜம் இவ்விதமான இரு வளையிகளைத் தெரிந்தெடுத்தார். அவை சந்திப்பது இரண்டே புள்ளிகளில். ஒன்றில் 5 தடவை, மற்றதில் 1 தடவை என எண்ணப்படும். இவற்றிலிருந்து அவர் ஒரு பரப்பை ஆக்கினார். அப்பரப்பு தளத்தைப் போலவே ஒரு புள்ளியாகச் சுருக்கத்தக்கது, ஆயினும் அது தளமன்று. தளத்தை இனங்காண அதன் முடிவிலியிலுள்ள தன்மையையும் ஆராயவேண்டும் என்று அவர் நிறுவினார். 1971ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாய்வினால் அப்பரப்பு இன்றும் இராமானுஜம் பரப்பு என்றே வழங்குகின்றது.

நோயும் மறைவும்

1964ஆம் ஆண்டு பிரான்சில் தங்கியிருந்தபோது இராமானுஜம் கடும் மனநோய்க்கு உள்ளானார். மனச்சிதைவும் ஆழ்ந்த மனச்சோர்வும் அவருக்கு இருப்பதாக மருத்துவர்கள் கண்டனர். சண்டிகாரில் பேராசிரியர் பதவி ஏற்றும் எட்டு மாதங்களே அங்கு பணியாற்ற முடிந்தது. நோய் தணிந்த காலங்களில் சிறந்த ஆய்வுகளைச் செய்தார். 1970–71இல் மம்போர்டின் அழைப்பின்பேரில் இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். நோய் மீண்டும் மீண்டும் தாக்கியது. பதவியைத் துறக்க அவர் முன்வந்த போதும், டாட்டா நிறுவனம் அவரைக் கைவிடாது பெங்களூரில் பேராசிரியர் பதவி அளித்தது. 1973ஆம் ஆண்டு இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார்.

எனினும் தம்மால் முன்போல ஆய்வு செய்ய இயலவில்லை என்ற ஏக்கம் அவரை வாட்டியது. 1974ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 27ஆம் திகதி, 36 வயதில், அந்நோய் அவரது உயிரைக் கொண்டுபோயிற்று. உலக அறிஞர்களின் கட்டுரைகளைக் கொண்ட நினைவு மலர் 1978ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இத்தாலியின் ஜெனோவா நகரில் மண்டபம் ஒன்றிற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

நாம் அறியவேண்டியவை

மாணவர்களே, இராமானுஜத்தின் வாழ்விலிருந்து இரு உண்மைகளை நாம் மனங்கொள்ளவேண்டும்.

முதலாவது, தொடக்கத் தோல்வி திறமையின்மைக்குச் சான்றாகாது. இரண்டு ஆண்டுகள் விடை காணாது தவித்தவரே பின்னர் சீகலின் வினாவிற்கு விடை கண்டார். தம்மைத் தகுதியற்றவர் என அவர் எண்ணிய அதே காலத்தில் உலகின் தலைசிறந்தோர் அவரிடம் கற்றுக்கொண்டிருந்தனர். சமன்பாட்டின் எல்லையை நிறுவலினால் அறியலாம். மனிதனின் எல்லையை மனச்சோர்வுற்ற வேளையில் அவனே தீர்மானிக்கக்கூடாது.

இரண்டாவது, மனநோய் என்பது குற்றமோ கோழைத்தனமோ அன்று. காய்ச்சலைப் போல அதுவும் ஒரு நோயே. இராமானுஜத்தின் காலத்தை விட இன்று சிகிச்சை வசதிகள் கூடியுள்ளன. பரீட்சைப் பயத்தினாலோ வேறு காரணத்தினாலோ மனம் தாங்கமுடியாது வருந்தினால், அதனை மறைத்து வைக்காது பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ கூறுதல் வேண்டும். நண்பர் ஒருவர் அவ்வாறு கூறினால் எள்ளி நகையாடாது உதவுதல் நமது கடமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. சி. பி. இராமானுஜம் எப்போது, எங்கு பிறந்தார்?
2. இவரை ஆராய்ச்சித் துறைக்குப் பரிந்துரைத்த ஆசிரியர் யார்?
3. அ³ + 2இ³ + 4உ³ = 0 என்னும் சமன்பாட்டிற்குப் பூச்சியம் தவிர்ந்த முழு எண் தீர்வு இல்லை என்பதைப் படிமுறைகளுடன் காட்டுக.
4. 54 மாறிகள் பற்றிய முடிவின் சிறப்பு யாது?
5. 23 ஐ நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதுக.
6. படி 4 உடைய வளையி ஒன்றும் நேர்கோடு ஒன்றும் ஆகக்கூடியது எத்தனை புள்ளிகளில் வெட்டலாம்?
7. இராமானுஜத்தின் வாழ்க்கையிலிருந்து நீர் கற்றுக்கொண்டவற்றை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.